ஞாயிற்றுக்கிழமைத் துண்டு

யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்கிற ஊரில் எதிர் வீட்டுப் பெரியவர் மட்டும், "இன்னா, தல நோவுதா?" என்று கேட்பார்.

பால்காரனிடம் கேட்பார். மின்கணக்கு எடுக்க வருகிற பெண்ணிடம் கேட்பார். காலையில் என் கதவு திறந்தால் எதிர்க் கதவும் திறக்கும். முதல் வார்த்தை அதுதான். இல்லை என்றால் முகம் தெளியும். விளையாட்டுக்காக, ஆமாம் லேசா வலிக்குது என்று சொல்லிவிட்டால் இரண்டடி பின்னால் போய்விடுவார். ஜன்னலைத் திறந்து வை என்பார். அன்று முழுக்க என் பக்கம் வரமாட்டார்.

ஊரப்பாக்கத்தில், ரயில் போவது கட்டிலின் காலில் தெரிகிற ஒரு மாடிக் குடியிருப்பு. எதிரெதிர் வீடுகள். அவர் தனி ஆள், நானும் அப்படித்தான். மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்களைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் அலைகிற வேலை எனக்கு. கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு, பிறகு கடற்கரைச் சாலையில் திரும்பி முட்டுக்காடு வரை. எங்கே போனாலும் நெடுக வெயில், நெடுக காத்திருக்கிற நாற்காலிகள். திரும்பி வந்தால் மாடிப்படி முடிகிற இடத்தில் அவர் நிற்பார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு கை தூரம் தள்ளி.

அந்தத் தூரத்தை அவர் ஒரு நாளும் கடந்ததில்லை. எதையும் கையில் கொடுக்கமாட்டார். ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். டம்ளரைக் கீழே வைத்தால் சத்தம் கேட்காது. கதவைச் சாத்துவதும் கேட்காது, சாத்திய பிறகு பார்த்தால்தான் தெரியும். உலகம் முழுக்க ஏதோ ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருப்பது போல அவர் நடமாடுவார். ரயில் நிலையத்தில் பார்த்திருக்கிறேன். பெஞ்சில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து தூணோரம் போய் நிற்பார். கூட்டமான வண்டிகளைப் போகவிட்டு, மதியம் ஒரு காலி வண்டி வரும்வரை அங்கேயே நிற்பார்.

யாரையும் தொடாமல் ஒரு ஆள் இருந்தால் நம் பக்கம் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருமுறை படியில் நின்று மூச்சு வாங்கியபடி என்னிடம் சொன்னார்: "காலி கேன தரைல வச்சிட்டு தள்ளி நின்னுக்கிறாரு சார். கைல குடுத்தா இன்னா, ஒட்டிக்குமா? நாங்க இன்னா ஆளுங்கன்னு யார்கிட்டயோ விசாரிச்சுகினு தான் வந்திருப்பாரு."

கீழே மருந்துக் கடை வைத்திருந்த பாய்க்கு வேறு காரணம் கிடைத்தது. பெருநாள் தொழுகை முடித்து, வெள்ளைச் சட்டையும் அத்தருமாக, சேமியா பாத்திரத்தோடு மாடி ஏறி வந்தார். என்னைக் கட்டிக்கொண்டார். எதிர்க் கதவு திறந்ததும் பாத்திரத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்தபடி ஒரு அடி முன்னால் வைத்தார். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். கும்பிட்டார்.

"நல்லா இருங்க பாய். தல நோவுதா?"

விரித்த கைகளை பாய் மெதுவாகக் கீழே இறக்கினார். இறங்கிப் போகும்போது என்னிடம், "ஏன் சார், என் மேல நாத்தமா அடிக்குது? புது அத்தர் சார் இது" என்று சிரித்தார். பாத்திரத்தைத் திரும்ப வாங்க அவர் வரவேயில்லை.

பெரியவர் பின்னால் வைக்கிற அந்த ஒரு அடிக்கு அவரவர் தங்கள் பழைய காயத்தின் பெயரை வைத்தார்கள். நான் வைத்த பெயர் திமிர்.

ஒரு மழை நாளில்தான் அது மாறியது. நனைந்துபோன பையைக் கதவுக்கு வெளியே கொட்டி, விளம்பரத் தாள்களைத் தரையில் பரப்பி உலர்த்திக்கொண்டிருந்தேன். நெஞ்சு வலிக்காரர்கள் மார்பில் ஒட்டிக்கொள்கிற மருந்துப் பட்டை ஒன்றின் தாள். பளபளப்பான சிவப்பு இதயம், கீழே நைட்ரோகிளிசரின் என்று பொடி எழுத்து. அவர் குனிந்து, தொடாமல், வெகு நேரம் படித்தார். கல்யாணப் பத்திரிகையில் ஓடிப்போன உறவுக்காரன் பெயரைப் பார்த்தவர் போல நிமிர்ந்தார்.

"இவன் எங்க இங்க வந்தான்?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"பொண்டாட்டிய வுட இவன் கூடதான் அதிகமா குடும்பம் நடத்தினேன்."

ராணுவத்துக்கு வெடிமருந்து செய்கிற ஆலை. அது எந்த ஊர் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லமாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்துகீறேன் என்பார். உள்ளே நுழையும்போது தீப்பெட்டியைத் தேடுவார்களாம், சீப்பைத் தேடுவார்களாம், செருப்பைத் திருப்பி ஆணி இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். சட்டையில் பை கிடையாது. ஒவ்வொரு கொட்டகையைச் சுற்றியும் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. வெடித்தால் வானத்தைப் பார்த்து வெடிக்கட்டும், பக்கத்துக் கொட்டகை பிழைக்கட்டும் என்று. எண்ணெய் போன்ற அந்த நைட்ரோகிளிசரின் திரவத்தை ரப்பர் சக்கரம் போட்ட வண்டியில் வைத்து ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போவதுதான் வெகு காலம் அவருடைய வேலை.

"தூங்குற கொழந்தய தூளியோட தூக்கினு போறா மாதிரி போவணும் தம்பி. ஓடக் கூடாது. நிக்கக் கூடாது. தும்மல் வந்தா முழுங்கிக்கணும்."

பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளுகிற மருந்தில் அது சேரும். எல்லையில் சண்டை என்று தொலைக்காட்சியில் காட்டும் நாட்களில் அவர் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். புகை எழும், அவர் முகத்தில் நீலமாக வெளிச்சம் அசையும். "யார் தலைல போய் வுழுந்துதோ, நான் எத்த கண்டேன்" என்றார் ஒருமுறை. "நான் கண்ணால பாத்தது, என் வூட்டு தலைங்க நொந்ததத்தான்."

அது தோல் வழியாக, மூச்சு வழியாக உள்ளே போகும். ரத்தக் குழாய்களை விரிக்கும். அதனால்தான் கடுகளவு எடுத்தால் நெஞ்சு வலிக்கு மருந்து. ஆலையில் கடுகளவு என்ற பேச்சே இல்லை. புதிதாகச் சேர்ந்தவன் முதல் வாரம் சுவரில் தலையை முட்டிக்கொள்வானாம். பிறகு உடம்பு பழகிவிடும். ஆனால் ஞாயிறு ஒரு நாள் வீட்டில் இருந்தால் போதும், பழகியது போய்விடும். திங்கட்கிழமை மறுபடியும் தலை பிளக்கும். அதற்கு அங்கிருந்த பெரியாட்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். வேலையில் தலையில் கட்டிய துண்டைத் துவைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய் ஞாயிறு முழுக்கக் கழுத்தில் போட்டுக்கொள்வது. அதற்கு ஞாயிற்றுக்கிழமைத் துண்டு என்றே பெயர்.

"தலைநோவு கெடக்குது தம்பி, அது போவும் வரும். நெஞ்சு ஒண்ணு கீதே."

அவரோடு வண்டி தள்ளிய ஒருவர் மைத்துனன் கல்யாணத்துக்குப் போக வேண்டும் என்று அந்தத் துண்டைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். திங்கட்கிழமை காலை, ஆலை வாசலில், வரிசையில் இவருக்கு முன்னால் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. பழகிய உடம்புக்கு அது இல்லாமல் போனால் ரத்தக் குழாய் இறுக்கிப் பிடிக்குமாம். "வுட்டா நெஞ்ச அடைக்கும், புட்ச்சா தலைய பொளக்கும்." அதற்குப் பிறகு இவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் துண்டைக் கழற்றவில்லை.

வாரத்தில் அவர் வீட்டில் இருந்த ஒரே பகல் ஞாயிறு. மகள் கைக்குழந்தை. அவர் பக்கத்தில் போனாலே வீறிட்டு அழும். மனைவிக்கு நெற்றிப் பொட்டு தெறிக்கும். தனி அறை, தனிப் பாய், துணி துவைக்கத் தனி வாளி என்று வீட்டுக்குள்ளேயே தன்னைச் சுற்றி அவர் ஒரு மண்மேடு எழுப்பிக்கொண்டார்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கெழம அந்தத் துண்ட கழட்டி ஆணில மாட்டிட்டு கொழந்தய தூக்கியிருக்கலாம். பயம் தம்பி. அவன் உக்காந்தது கண்ணுலயே நின்னுது." மழை ஓய்ந்திருந்தது. தாள்களின் ஓரம் சுருண்டுகொண்டிருந்தது. "அவள நான் தூக்கினதே இல்ல. இப்ப அவளுக்கே ஒரு பொண்ணு. சாவறதுக்குள்ள ஒரு வாட்டி என் பொண்ண தோள்ல சாச்சுக்கணும். வேற ஒண்ணும் வாணாம்."

மகள் புனேயில் இருந்தாள். அம்மா போன பிறகு வருவது குறைந்துவிட்டது. தொலைபேசியில் அவர் முதலில் கேட்பது, தல நோவுதா. அவள் உடனே வைத்துவிடுவாள்.

"ஆலையை விட்டு எத்தனையோ காலம் ஆயிடுச்சே. இப்போ உங்க உடம்புல ஒண்ணும் இருக்காதே" என்றேன்.

"எனக்குத் தெரியும். கைக்கு யாரு சொல்றது?"

பாயிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கடையிலிருந்த பெட்டிகளையெல்லாம் ஒருமுறை பார்த்தார், அவற்றில் எது எங்கிருந்து வந்தது என்று புதிதாக யோசிப்பவரைப் போல. அடுத்த பெருநாளுக்கு சேமியாவோடு மாடி ஏறி வந்தவர் கைகளை விரிக்கவில்லை. எதிர்க் கதவுக்கு முன்னால் சும்மா நின்றார்.

"பெருசு, இந்த வாட்டி நீ வா."

அவர் வந்தார். அந்த ஒரு கை தூரத்தைக் கடக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார். பாய் அசையாமல் நின்றார். தோளில் ஒருமுறை, மறு தோளில் ஒருமுறை, மறுபடியும். விலகியவுடன் அவர் கேட்டார், "தல நோவுதா பாய்?"

"பசில நோவுது. உள்ள வுடு, உக்காந்து துன்னலாம்."

அதன் பிறகு அவருக்கு ஒரு வெறி வந்தது. கூட்டமான ரயிலாகப் பார்த்து ஏறினார். வேலை ஒன்றும் இல்லாமல் தாம்பரம் வரை நெருக்கிக்கொண்டு போய்த் திரும்பி வருவார். ஒரு நாள் யாரோ ஒரு கல்லூரிப் பையன் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டானாம். தண்ணீர் கேன்காரர் உட்பட எல்லோரிடமும் சொன்னார். கேன்காரர், "செயின் போட்டிருந்தியா, இருக்குதா பாத்துக்கோ" என்றார். காலி கேனை அன்று பெரியவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டார். பள்ளி விடுமுறைக்கு மகள் வருவதாகச் சொல்லியிருந்தாள், பேத்தியோடு. அதற்குத்தான் இந்த ஒத்திகை எல்லாம்.

அவள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நெஞ்சு வலி வந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். பரிசோதனைகள் முடிந்து டாக்டர் எழுதிக் கொடுத்ததை இரண்டு முறை படித்தேன். மார்பில் ஒட்டிக்கொள்கிற பட்டை. நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள, அவசரத்துக்கு மாத்திரை. பாய் தன் கடையிலிருந்தே எடுத்து, தன் கையாலேயே அவர் மார்பில் ஒட்டிவிட்டார்.

"மறுபடி வேலைல சேத்துட்டானுங்க தம்பி" என்றார். சிரித்தார். முதல் சில நாட்கள் புதிதாகச் சேர்ந்தவன் போல அவருக்கே தலை பிளந்தது. மறுபடியும் ஜன்னல் கட்டை. மறுபடியும் தூணோரம்.

பட்டையில் இருப்பது மிகக் கொஞ்சம், மேலே சட்டை இருக்கிறது, கையைக் கழுவினால் போதும், பிறருக்கு ஒன்றும் ஆகாது என்று நான் சொன்னேன். டாக்டரும் சொன்னார். பாய் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார்.

மகள் வந்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் நின்றாள். அவர் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"வாம்மா. தல நோவுதா?"

"இன்னும் இல்லப்பா. இப்பதானே வந்திருக்கேன்" என்றாள். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்னால் நின்ற சிறுமி, "தாத்தா ஏன் தூரமா நிக்கறாங்க?" என்று கேட்டாள்.

நாட்கள் போயின. அவர்கள் ஊருக்குத் திரும்பும் முன்பு மாமல்லபுரம் போவதென்று முடிவாயிற்று. பாய் காரை எடுத்தார். துணைக்கு வா என்று பெரியவர் என்னையும் அழைத்தார். குளித்து, தலை வாரி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் இறங்கி வந்தவரைப் பார்த்தேன். வெள்ளைத் துணிக்குக் கீழே வழக்கமாகத் தெரிகிற அந்தச் சதுரம் இல்லை.

"பட்டை எங்கே?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம தம்பி" என்றார் தணிந்த குரலில். "லீவு."

பாய் என்னைப் பார்த்தார், பிறகு அவரை. "மாத்திரயாவது கீதா?" அவர் இடது பக்கச் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். பாய் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

கடலில் அன்று சிற்றலைதான். பின்னால் எங்கோ சிற்பக்கூடத்தில் இயந்திரம் கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. அவர் பேத்தியைத் தூக்கினார். குனிந்து, இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து, சாய்த்துவிடாமல், சிந்திவிடாமல், அந்த வண்டியைத் தள்ளிய நடையில் நீர் விளிம்பை நோக்கி நடந்தார். ஓடவில்லை. நிற்கவில்லை.

"தல நோவுதா கண்ணு?"

"நோவுதான்னா?"

"வலிக்குதா."

"தலை எதுக்கு வலிக்கணும்? தாடிதான் குத்துது தாத்தா."

மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் சொல்கிறாளா கடலிடமா என்று தெரியாத குரலில் பேசினாள். "சின்ன வயசுல அவர் வேலைக்குப் போனதும் கொடியில கிடக்கிற சட்டையில முகத்தை வச்சுக்குவேன். கொஞ்ச நேரத்துல தலை வலிக்க ஆரம்பிக்கும். அம்மா அடிப்பாங்க. மறுநாளும் வச்சுக்குவேன். எனக்கு அப்பான்னா அதுதான். அந்த வலி வந்தா அவர் பக்கத்துல இருக்கார்னு அர்த்தம்."

"அவருக்குத் தெரியுமா?"

"சொன்னா கொடியைத் தூரமாக் கட்டியிருப்பார்."

திரும்பும்போது நான் முன்னால் பாயின் பக்கத்தில். பின்னால் வலது ஓரத்தில் அவர், நடுவில் மகள், அவள் மடியில் தூங்கும் சிறுமி. கோவளம் தாண்டி கேளம்பாக்கம் சாலையில் திரும்பியபோது மகளும் தூங்கிவிட்டாள். தலை சரிந்தது. சரிந்து அவர் தோளில், மார்பின் இடது பக்கத்தில் வந்து நின்றது.

அவர் மூச்சுவிட மறந்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் பாய் கண்ணாடியில் பார்த்து, என் முழங்காலைத் தட்டினார். திரும்பினேன். அவர் மேலுதட்டில் வியர்வை. தாடை இறுகியிருந்தது. சட்டைப் பைக்கு நான் கையை நீட்டினேன். பை அவளுடைய கன்னத்துக்கு அடியில் இருந்தது. வேண்டாம் என்று கண்ணால் சொன்னார்.

"பெருசு, மாத்திர போட்டுக்கோ" என்றார் பாய், குரலை ஒடுக்கி. "வெளாடாத."

"தூங்கினு கீறா பாய்."

"எழுப்பு."

"வாணாம்."

பாய் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் முன் சக்கரம் ஏறுவது தெரியாமல் ஏற்றி, இறங்குவது தெரியாமல் இறக்கினார். பின்னால் வந்த பேருந்துகள் ஒலியெழுப்பிக்கொண்டே எங்களைக் கடந்து போயின. அவர் கண்களை மூடவில்லை. அவளுடைய உச்சி வகிட்டைப் பார்த்தபடி இருந்தார். கை மெல்ல எழுந்து, தயங்கி, அவள் தலைமேல் படிந்தது.

வண்டலூர் நெரிசலில் ஒரு லாரி அலறியது. அவள் விழித்தாள். தான் எங்கே சாய்ந்திருக்கிறோம் என்று புரிந்ததும் அசையாமல் இன்னும் கொஞ்சம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவர் மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது முகம் வெளிறியிருந்தது, ஆனால் சிரித்தார். "இப்ப எனக்குத் தல நோவுது தம்பி" என்றார், பரிசு வாங்கியவர் போல.

அவள் ஊருக்குப் போன பிறகு பட்டையை ஒழுங்காக ஒட்டிக்கொண்டார். நாள் தவறவில்லை. அப்படியும் அந்த மழைக்காலம் முடிவதற்குள் ஒரு மதியத் தூக்கத்தில் போய்விட்டார். என்ன கிழமை என்று பாய் கேட்டார். திங்கள் இல்லை என்றேன்.

காரியங்கள் முடிந்த மறுநாள் எதிர்க் கதவு ஒருக்களித்திருந்தது. மகள் தரையில், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கொடியிலிருந்து எடுத்த அவருடைய சட்டை மடியில் கிடந்தது. அவள் முகம் அதற்குள் இருந்தது. நான் ஒரு கை தூரத்தில் நின்றேன். அங்கே என்ன கேட்பது என்று தெரியாமல், அந்த வீட்டு வாசலில் நான் அறிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்.

"தல நோவுதா?"

முகத்தை எடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு மெதுவாக, நம்ப முடியாத ஒன்று கிடைத்துவிட்டவளைப் போலத் தலையை ஆட்டினாள்.

"நோவுது."

அழுததால் இருக்கும். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் இருக்கும். நான் சொல்லவில்லை. உள்ளே ஜன்னல் சாத்தியிருந்தது. திறக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தவன், கேட்காமல், கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு வந்தேன்.